தொகுத்தவர் பெயர் இல்லை

2008 ஜூனில் வெளியான 'ரேடியோஹெட்: தி பெஸ்ட் ஆஃப்' என்ற சி.டி.யில் 17 பாட்டுகள். பதினேழாவது பாட்டு 'எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்'. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று தலைப்பு. அந்தப் பாட்டைத்தான் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

2000 அக்டோபரில் 'கிட் ஏ' ஆல்பத்தை வாங்கிப் பிரித்தவர்கள் முதலில் கேட்டது இதைத்தான். மூன்று வருடத்துக்கு முன் 'ஓகே கம்ப்யூட்டர்' என்ற கிடார் ஆல்பத்தால் உலகப் புகழ் அடைந்த குழு ரேடியோஹெட். அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தவர்களுக்கு ஒரு சிந்தசைசரின் சில சுரங்களும், துண்டு துண்டாக நறுக்கிப் பின்னிய குரலும் கிடைத்தன. கிடார் இல்லை. வாசலிலேயே ஒருவர் நின்று, நீங்கள் தேடி வந்த பழைய வீட்டை இடித்தாயிற்று என்று சொன்ன மாதிரி இருந்தது. 2008 தொகுப்பில் அதே பாட்டு, 'ஸ்ட்ரீட் ஸ்பிரிட்' முடிந்த பிறகு, பந்தி எழுந்ததும் கொடுக்கிற வெற்றிலை பாக்கு மாதிரி வந்து நிற்கிறது. ஒரு சுரம்கூட மாறவில்லை. பாட்டு வேறாகிவிட்டது.

ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவுக்கு 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' எதற்கு என்ற சண்டையில் நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். இளமையில் எதிர்க்கட்சி. ஹிட் பாட்டுச் சந்தைக்கு மாற்றாக வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களின் ஹிட் பாட்டுகளை ஒரே தட்டில் அடுக்கி விற்பது, சைவ ஹோட்டல் வாசலில் மீன் குழம்புக்குப் பலகை வைப்பதுபோல என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. நல்ல தொகுப்புகள் சிலவற்றைக் கேட்டிருக்கிறேன். மோசமானவற்றையும் நிறையக் கேட்டிருக்கிறேன். இரண்டையும் பிரிப்பது பாட்டுகளின் தரம் அல்ல, ஏனென்றால் மோசமான தொகுப்பிலும் பாட்டுகள் நன்றாகத்தான் இருக்கும். அதுதானே அந்த வியாபாரத்தின் சௌகரியம்!

ரேடியோஹெட் தொகுப்பின் கதையையே பார்க்கலாம். ஈ.எம்.ஐ. கம்பெனியோடு அவர்களுக்கு இருந்த ஒப்பந்தம், 2003இல் வந்த ஆறாவது ஆல்பமான 'ஹெயில் டு தி தீஃப்' உடன் முடிந்தது. 2007இல் ஈ.எம்.ஐ.யை டெர்ரா ஃபர்மா என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. புதிய முதலாளிகளோடு பேச்சு ஒத்துவரவில்லை. அந்த அக்டோபரில் ரேடியோஹெட் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தைத் தங்கள் இணையதளத்திலேயே, விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று வெளியிட்டார்கள். உலகம் முழுக்க அதுவே பேச்சு. டிசம்பரில் ஈ.எம்.ஐ. பழைய ஆல்பங்களை ஒரே பெட்டியாகக் கட்டிக் கடைக்கு அனுப்பியது. அடுத்த ஆறு மாதத்தில் இந்த 'பெஸ்ட் ஆஃப்' வந்தது. ஒற்றைத் தட்டில் 17 பாட்டு, இரட்டைத் தட்டில் 30, வீடியோக்களுக்குத் தனியாக ஒரு டி.வி.டி. குழுவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

குழுவின் பாடகர் தாம் யார்க்கிடம் கேட்டபோது, எங்களுக்கு ஹிட் என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லையே, பிறகு இது எதற்கு என்றார். தடுக்கவும் வழியில்லை, நாங்களே விரும்பிச் செய்திருந்தால் நன்றாக வந்திருக்கலாம், நல்ல வாய்ப்பு வீணாயிற்று என்றும் சொன்னார். முதல் பகுதி சரியான கணக்கு இல்லை. 'க்ரீப்' 1993இல் பிரிட்டிஷ் பட்டியலில் ஏழாம் இடம். 'ஸ்ட்ரீட் ஸ்பிரிட்' ஐந்தாம் இடம், 'நோ சர்ப்ரைசஸ்' நான்கு. ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும், நடுவில் மூன்று முறை உருமாறும் 'பேரனாய்டு ஆண்ட்ராய்டு' மூன்றாம் இடம். ஹிட் இல்லாத குழு என்று இவர்களைச் சொன்னால் ஹிட்டுக்கே இழுக்கு. மாற்று இசைக்காரர்களுக்குத் தங்கள் வெற்றியை மறைத்துவைக்கிற கூச்சம் ஒன்று உண்டு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் கடைசியாகச் சொன்னதுதான் விஷயம். தொகுப்பு என்ற வடிவத்தை அவர் பழிக்கவில்லை. நாங்கள் செய்திருந்தால் நன்றாக வந்திருக்கும் என்கிறார்.

யார் செய்தார்கள் என்பதைப் பேச நம்மிடம் இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன. சங்க நூல்களுக்குத் 'தொகுத்தோன்' ஒருவர், 'தொகுப்பித்தோன்' ஒருவர் என்று பிரித்துச் சொல்வது மரபு. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. பொன்னும் அதிகாரமும் பாண்டியனுடையவை. நானூறு பாட்டையும் எந்த முறையில் அடுக்குவது என்ற புத்தி உருத்திரசன்மருடையது. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை, நான்கில் முடிந்தால் முல்லை, ஆறில் முடிந்தால் மருதம், பத்துப் பத்தாக வருவது நெய்தல், இரண்டும் எட்டும் குறிஞ்சி. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு புலவர் பாடியவைதான். ஆனால் அந்த அடுக்கில் ஒரு மனிதரின் எண்ணம் தெரிகிறது. பிரிவைச் சொல்லும் பாலைக்குப் பாதி இடம் கொடுத்தவர் அகவாழ்க்கையைப் பற்றி ஏதோ சொல்கிறார்.

2008 சி.டி.யில் தொகுப்பித்தோன் யார் என்பதில் சந்தேகமே இல்லை. தொகுத்தோனைத்தான் காணவில்லை.

இல்லாததன் விளைவை இரண்டு இடங்களில் காட்டலாம். முதலாவது எல்லை. 'பெஸ்ட் ஆஃப்' என்று பெயர், ஆனால் அதற்கு எட்டு மாதம் முன்பு வந்த 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டும் இல்லை. அது ஈ.எம்.ஐ.க்குச் சொந்தமில்லை. பட்டா எதுவரையோ வேலியும் அதுவரை. கேட்பவர் மனசில் ஒரு குழுவின் சிறந்த பாட்டுகளுக்கு அப்படி ஒரு எல்லைக்கல் கிடையாது.

இரண்டாவது அடுக்கு. 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தில் 'கர்மா போலீஸ்' முடியும் விதம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் எட் ஓப்ரையனின் கிடார் எதிரொலி தன்னைத்தானே விழுங்கி, இயந்திரம் உருகி ஒழுகுவதுபோல ஒரு சத்தமாகிச் செத்துப்போகும். அந்தச் சத்தத்திலிருந்து அடுத்ததாக எழுவது 'ஃபிட்டர் ஹேப்பியர்', மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் உணர்ச்சியற்ற குரல் நல்வாழ்வுக் குறிப்புகளை ஒப்பிக்கும் இரண்டு நிமிடத்துக்கும் குறைவான துண்டு. தனியாக யாரும் அதைப் போட்டுக் கேட்க மாட்டார்கள். எந்த ஹிட்ஸ் தொகுப்பிலும் அதற்கு இடம் கிடையாது. ஆனால் பன்னிரண்டு பாட்டுக்கு நடுவில் ஏழாவதாக அது இருப்பதால்தான் முன்னால் வந்த ஆறுக்கும் பின்னால் வரும் ஐந்துக்கும் ஒரு முதுகெலும்பு. ரசத்தில் மிளகைக் கடித்தால் எரிகிறது என்பதற்காக மிளகில்லாத ரசம் வைக்க முடியுமா? தொகுப்பில் 'கர்மா போலீஸ்' உருகி முடிந்த கையோடு 'க்ரீப்' தொடங்குகிறது. ஐந்து வருடம் பின்னோக்கி, விடலைத் துயரத்துக்குள் ஒரு குதி. இரண்டுமே பிரபலமான பாட்டு என்பதைத் தவிர அந்த வரிசைக்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

இதையெல்லாம் சொன்னாலும், ஆல்பம் என்பது தெய்வ வாக்கு, அதில் கைவைத்தால் பாவம் என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஆல்பமும் ஒரு தொகுப்புதான். 'கிட் ஏ'யும் அடுத்த வருடம் வந்த 'அம்னீசியாக்'கும் ஒரே காலத்தில் பதிவான பாட்டுகள். எது இதில், எது அதில் என்று ஐந்து பேர் உட்கார்ந்து பிரித்தார்கள். 'ஓகே கம்ப்யூட்டர்' ரசிகர்கள் அதன் இயல்பான அங்கம் என்று நினைக்கும் 'லக்கி' பிறந்தது அந்த ஆல்பத்துக்காகவே அல்ல. 1995 செப்டம்பரில், போரால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு நிதி திரட்ட 'வார் சைல்டு' அமைப்பு வெளியிட்ட 'ஹெல்ப்' என்ற பல குழுக்களின் தொகுப்புக்காக அதைப் பதிந்தார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் ஆல்பத்துக்குள் வந்தது, வந்தபின் வேறு எங்கும் இருந்திருக்க முடியாது என்பதுபோல உட்கார்ந்துகொண்டது. ஆகவே பாட்டை ஓரிடத்திலிருந்து பெயர்ப்பது குற்றமல்ல. நாற்றைப் பிடுங்கினால்தான் நடவு. பிடுங்கியவன் எங்கே நடுகிறான் என்று பார்க்க வேண்டும்.

முழு ஆல்பமாகவே எல்லாவற்றையும் கேள் என்ற கண்டிப்பிலும் கொஞ்சம் பாசாங்கு உண்டு. 'பாப்லோ ஹனி' என்ற ரேடியோஹெட்டின் முதல் ஆல்பத்தை விரும்பி இரண்டாம் தடவை முழுதாகக் கேட்டவர்கள் எத்தனை பேர்? இரட்டைத் தட்டுத் தொகுப்பு அதிலிருந்து மூன்று பாட்டை எடுத்துக்கொண்டு மீதியை விட்டிருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் ஈ.எம்.ஐ. செய்தது சேவை.

நம் ஊரில் பிறந்தவனுக்கு இந்த ஆல்ப விரதம் புரியவே நாளாகும். நாம் கேட்டு வளர்ந்த பாட்டெல்லாம் ஏற்கெனவே ஒரு படத்திலிருந்து பிய்த்து வந்தவை. கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு பதிந்து வாங்கும்போது, ஐயோ காட்சியை விட்டுப் பிரிக்கிறோமே என்று யாரும் வருந்தவில்லை. ஆர்.ஈ.எம். குழுவை எனக்கு அறிமுகம் செய்ததும் அப்படிப்பட்ட ஒரு கேசட்டே. கல்லூரி விடுதியில் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே பெயர் இல்லை, பாட்டு வரிசை இல்லை, இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு பாதியில் நின்றுவிடும். யாரோ ஒருவன் நான்கைந்து ஆல்பத்திலிருந்து தேர்ந்தெடுத்துப் பதிந்திருந்தான். அவன் தேர்வில் பிரபலமான பாட்டு குறைவு, மெதுவான பாட்டு அதிகம், எல்லாமே அந்தி நேரத்துக்கு ஏற்றவை. பின்னால் அந்த ஆல்பங்களை வாங்கி வரிசையாகக் கேட்டபோது, பெயர் தெரியாத அந்தப் பையனின் வரிசைதான் காதில் முந்திக்கொண்டு வந்தது. இன்றும் அப்படித்தான். தொகுப்பு ஒரு கதவு என்று அதற்கு ஆதரவாகச் சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

தொகுப்பே உண்மையான வீடாக இருக்கும் குழுக்களும் உண்டு. மான்செஸ்டரில் மட்டும் மூன்று. பஸ்காக்ஸ் குழு மூன்று நிமிடத்துக்குள் முடிகிற பாட்டுகளைச் சிங்கிளாகவே யோசித்தது. 1979இல் அவர்கள் அமெரிக்கா போனபோது அங்கே யாருக்கும் அவர்களைத் தெரியாது. அதற்காகச் செய்த 'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி' தொகுப்பில் முதல் பக்கம் எட்டு சிங்கிள்கள் காலவரிசையில், மறுபக்கம் அதே எட்டுத் தட்டுகளின் பின்பக்கப் பாட்டுகள் அதே வரிசையில். இவ்வளவுதான் திட்டம். ஆனால் கேட்டால் ஒரு குழு வளர்வதை இருமுறை, இரண்டு கோணத்தில் பார்த்த மாதிரி இருக்கும். அவர்களின் எந்த ஆல்பத்தையும் விட நான் அதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

நியூ ஆர்டரின் 'சப்ஸ்டன்ஸ்' (1987) பிறந்த காரணம் இன்னும் அற்பம். ஃபேக்டரி கம்பெனியை நடத்திய டோனி வில்சனின் ஜாகுவார் காரில் சி.டி. பிளேயர் இருந்தது, காரில் போகும்போது குழுவின் சிங்கிள்களையெல்லாம் ஒன்றாகக் கேட்க ஆசைப்பட்டார் என்பார்கள். முதலாளியின் கார் ஆசைதான். ஆனால் நியூ ஆர்டர் தங்கள் நல்ல பாட்டுகளைப் பெரும்பாலும் ஆல்பத்தில் சேர்க்காமல் 12 அங்குலத் தட்டுகளாக விட்டவர்கள். 'ப்ளூ மண்டே' 1983இல் வந்த ஆல்பத்தின் பிரிட்டிஷ் பதிப்பில் இல்லை. சிதறிக் கிடந்த பிள்ளைகளுக்கு 'சப்ஸ்டன்ஸ்'தான் முதல் ரேஷன் கார்டு. இரண்டு பாட்டுகளை இதற்காகவே புதிதாகப் பதிந்தும் கொடுத்தார்கள். அதில் 'டெம்ப்டேஷன்' பழைய பதிவின் பதற்றத்தை இழந்துவிட்டது என்பது என் கட்சி. ஆனாலும் அது அவர்கள் கை.

மூன்றாவது குழுவான தி ஸ்மித்ஸ் இந்த வடிவத்தின் நன்மை தீமை இரண்டுக்கும் சாட்சி. 1984இல் வந்த 'ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ' பி.பி.சி. வானொலிக்குப் பதிந்தவையும் சிங்கிள்களும் கலந்த தொகுப்பு. முதல் ஆல்பம் வந்த அதே வருடத்தில் வந்தது, பலருக்கு அந்த ஆல்பத்தை விட இதுவே நெருக்கம். ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்த 'ஹவ் சூன் இஸ் நவ்?' பாட்டைப் பலர் கண்டெடுத்தது இதில்தான். 1987இல் குழு உடைந்தது. அந்த வருடம் வந்த கடைசி ஆல்பத்தில் 'பெயின்ட் எ வல்கர் பிக்சர்' என்று ஒரு பாட்டு, இறந்துபோன நட்சத்திரத்தின் பழைய சரக்கைப் புது உறையில் போட்டு விற்கும் ரெக்கார்ட் கம்பெனியைப் பற்றியது. ஐந்தே வருடத்தில் அவர்களின் பாட்டு உரிமை கைமாறி, 'பெஸ்ட்' என்ற பெயரில் இரண்டு பாகமாகத் தொகுப்பு வந்தது. முதல் பாகம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பிறகு 1995இல் ஒன்று, 2001இல் குழுவினரே முகம் சுளித்த ஒன்று, 2008இல் இன்னொன்று. ஸ்டுடியோ ஆல்பம் நான்குதான். தொகுப்புகள் அதைப் போல இரண்டு மடங்கு. மாவு ஒன்றுதான், நேற்று இட்லி, இன்று தோசை, நாளை குழிப்பணியாரம். ஊருக்கு ஊர் வாசலில் கூட்டம் இருக்கும்வரை யாரும் நிறுத்தப்போவதில்லை. ஏற்கெனவே பதிவான பாட்டு, ஸ்டுடியோ வாடகை கிடையாது, தாமதம் செய்யும் பாடகர் கிடையாது. கம்பெனிக்கு இதைவிடப் பாதுகாப்பான முதலீடு எது?

நிர்வாணா குழுவின் தொகுப்பில் (2002) இன்னொரு பழக்கத்தைப் பார்க்கலாம். எல்லா ஆல்பமும் வைத்திருப்பவனையும் மறுபடி வாங்க வைக்க ஒரே ஒரு புதிய பாட்டு. கர்ட் கோபேன் இறப்பதற்குச் சில மாதம் முன், 1994 ஜனவரியில் பதிந்த 'யூ நோ யூ ஆர் ரைட்'. அதை எங்கே எப்படி வெளியிடுவது என்று அவர் மனைவிக்கும் குழுவின் மற்ற இருவருக்கும் வழக்கு நடந்து சமரசமான பிறகு வந்தது. பாட்டு அபாரம். அதை மட்டும் தனியாக விற்றிருக்கலாம் என்று அன்று தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

அப்படியானால் கலைஞர்களே தொகுத்தால் பிரச்சினை தீர்ந்ததா? ஆர்.ஈ.எம். அதற்கு நல்ல பாடம். 1988இல் அவர்கள் ஐ.ஆர்.எஸ். என்ற சிறிய கம்பெனியை விட்டு வார்னருக்குப் போனார்கள். போகும்போது ஐ.ஆர்.எஸ். வெளியிட்ட 'எபானிமஸ்' தொகுப்பில் 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' பாட்டின் முதல் பதிவு, 1981இல் ஒரு குட்டிக் கம்பெனி சிங்கிளாகப் போட்டது, இருக்கிறது. ஆல்பத்தில் வந்த பதிவை விட வேகமும் கரடுமுரடும் கூடியது. இதுதான் தொகுப்பவரின் நேர்மை. பிரபலமான பாட்டையே கொடுத்து, நீங்கள் கேட்டது இதன் இரண்டாம் வடிவம் என்றும் சொல்லிவிடுவது.

2003இல் வார்னர் காலத்துக்கான 'இன் டைம்' வந்தது. குழுவின் கிடார்காரர் பீட்டர் பக் ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பு எழுதினார். சுவாரசியமாக எழுதினார். 1980களில் பாதியில் விட்ட ஒரு பாட்டை முடித்து, 'பேட் டே' என்று புதிதாகச் சேர்த்தார்கள். இதையெல்லாம் பாராட்டலாம். ஆனால் 'ஷைனி ஹேப்பி பீப்பிள்' இல்லை. 1991இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதல் பத்துக்குள் வந்த பாட்டு, அவர்களின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. பாடிய மைக்கேல் ஸ்டைப்புக்கே அதில் கூச்சம். குழந்தைகள் துள்ளிக் குதிக்கிற மாதிரி ஒரு சந்தோஷம், தங்கள் முகத்துக்கு அது பொருந்தவில்லை என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. கல்யாண ஆல்பத்திலிருந்து பிடிக்காத மாமாவின் போட்டோவைக் கிழிப்பதுபோலக் கிழித்துவிட்டார்கள். எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்காது. ஆனால் ஒரு குழுவின் வரலாறு என்ற பெயரில் விற்கும்போது, ஊரே பாடிய பாட்டை இல்லை என்று சொல்லலாமா? கம்பெனி செய்தால் பட்டா எல்லை குறுக்கே நிற்கிறது, கலைஞன் செய்தால் கௌரவம் குறுக்கே நிற்கிறது. தன் எழுத்தைத் தானே தொகுத்த நம் எழுத்தாளர்கள் சிலரின் 'தேர்ந்தெடுத்த சிறுகதைகள்' நினைவுக்கு வருகின்றன. பெயர் வேண்டாம்.

2011இல் குழு கலைந்ததும் நிலைமை மாறியது. அப்போது வந்த 40 பாட்டுத் தொகுப்பில் இரண்டு கம்பெனிக் காலமும் முதன்முறையாக ஒன்று சேர்ந்தன. அதன் தலைப்பே பாதி பொய், பாதி குப்பை என்கிற ரீதியில் தன்னைத்தானே கிண்டலடிக்கும் நீளமான ஒன்று. அதில் 'ஷைனி ஹேப்பி பீப்பிள்' இருக்கிறது. இனி காப்பாற்ற வேண்டிய முகம் எதுவும் இல்லை என்றான பிறகுதான் அவர்களால் நேர்மையாகத் தொகுக்க முடிந்தது. மூன்றில் இதுவே முழுமையானது. ஆனால் எனக்குப் பிடித்தது அந்தக் கரடுமுரடான 'எபானிமஸ்'.

இந்த விவாதமே காலாவதியாகிவிட்டது, எல்லாரும் போனில் பிளேலிஸ்ட் போட்டுக்கொள்கிறார்கள், தட்டு யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். நியாயம். இன்று எந்தக் குழுவின் பக்கத்தைத் திறந்தாலும் அதிகம் கேட்கப்பட்ட பாட்டுகள் தாமாகவே மேலே வந்து நிற்கின்றன. கணக்கு எடுக்கும் வேலை முடிந்தது. கம்பெனி ஆள் உட்கார்ந்து விற்பனை எண்ணைப் பார்த்துப் பட்டியல் போடத் தேவையில்லை. அந்த வகைத் தொகுப்பு செத்துவிட்டது, அதற்காக நான் அழப்போவதில்லை.

ஆனால் இயந்திரமும் சும்மா கணக்கு மட்டும் எடுப்பதில்லை என்பதற்குப் பேவ்மென்ட் குழுவின் கதை இருக்கிறது. 2010இல் அவர்கள் மறுபடி ஒன்றுசேர்ந்து மேடையேறிய சமயத்தில் 'குவாரன்டைன் தி பாஸ்ட்' என்ற 23 பாட்டுத் தொகுப்பு வந்தது. காலவரிசை கிடையாது. முதல் குட்டித் தட்டிலிருந்து 'பாக்ஸ் எல்டர்', வேறொரு தொகுப்புக்காக ஆர்.ஈ.எம். குழுவைப் பற்றியே பாடிய ஒரு வேடிக்கைப் பாட்டு என்று மூலைமுடுக்கெல்லாம் தேடி எடுத்து, புகழ்பெற்ற பாட்டுகளுக்கு நடுவே செருகியிருந்தார்கள். ரசனையான வேலை. அதில் 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்' இல்லை. அது 1999இல் ஒரு சிறு தட்டில் போட்ட, யாரும் கவனிக்காத பாட்டு. சேர்க்க வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. சில வருடம் கழித்து ஸ்ட்ரீமிங் தளம் ஒன்றின் தானியங்கித் தேர்வு, வேறு யாருடைய பாட்டோ முடிந்ததும் கேட்பவர் காதில் இதைத் தள்ளத் தொடங்கியது. இன்று அங்கே அந்தக் குழுவின் பாட்டுகளில் அதிகம் கேட்கப்படுவது அதுதான். 2022இல் அதற்கு வீடியோகூட எடுத்தார்கள்.

இதில் யார் ஜெயித்தது? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நல்ல பாட்டு அது. மனிதக் கண் தவறவிட்டதை இயந்திரம் கண்டெடுத்தது என்று சொல்லலாம். ஆனால் அது கண்டெடுத்ததற்குக் காரணம், மற்ற பாட்டுகளோடு உறுத்தாமல் ஒட்டிக்கொள்ளும் என்பதாகத்தான் இருக்க வேண்டும். 'குவாரன்டைன்' தொகுப்பில் உறுத்துகிற பாட்டுகள் நிறைய இருக்கின்றன, வேண்டுமென்றே வைத்தவை. அது ஒரு மனிதர் செய்கிற வேலை. அடுத்த பாட்டு உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் கேள் என்று எந்த இயந்திரமும் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுபடி அந்த ரேடியோஹெட் இரட்டைத் தட்டுக்கு வருகிறேன். முதல் தட்டைத் திட்டியாயிற்று. இரண்டாம் தட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதில் 13 பாட்டு. 'ஏர்பேக்', 'லெட் டவுன்', 'எக்ஸிட் மியூசிக்', 'தி நேஷனல் ஆந்தம்', 'ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி'. இவற்றில் பலவும் சிங்கிளாக வந்ததே இல்லை. 'டாக் ஷோ ஹோஸ்ட்' ஒரு சிங்கிளின் பின்பக்கம், 1996இல் வந்த ரோமியோ ஜூலியட் படத்தால் கொஞ்சம் பேருக்குத் தெரிந்தது. கடைசியில் 'ட்ரூ லவ் வெயிட்ஸ்', மேடைப் பதிவு. அந்தப் பாட்டை முறையாக ஸ்டுடியோவில் முடித்து ஆல்பத்தில் சேர்க்கக் குழுவுக்கு 2016வரை ஆனது. எட்டு வருடம் முன்பே, இதுதான் முடிவில் வரவேண்டிய பாட்டு என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் தட்டு மேலிடத்து உத்தரவு. இரண்டாம் தட்டில் ஈ.எம்.ஐ. ஆபீசில் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்திருந்த, இந்தக் குழுவை நேசித்த ஒரு ஆள் ஒளிந்திருக்கிறார் என்பது என் ஊகம். உறையில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்கப்போவதில்லை. ஆனால் தொகுத்தோன் இருக்கிறார்.

சென்ற பொங்கலுக்கு வந்த அக்கா மகளுக்கு 'க்ரீப்' தவிர வேறெதுவும் தெரியவில்லை. அதை நூறு முறை கேட்டிருப்பாளாம், வேறு என்ன கேட்கலாம் என்றாள். அலமாரியில் தேடி அந்த உறையை எடுத்து, இரண்டாம் தட்டை மட்டும் உருவி நீட்டினேன்.

"முதல் தட்டு எங்க மாமா?"

"அது உனக்கு வேணாம். ஏற்கெனவே கேட்டிருப்ப."

வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அவள் லேப்டாப்பில் சி.டி. போட இடமே இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சிரித்துக்கொண்டே தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்னட்டையில் இருந்த பாட்டு வரிசையைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டாள். "இதே ஆர்டர்ல கேக்கணுமா?" என்றாள். ஆமாம் என்றேன்.